ஏஓசெப்ட் பிளஸ்: உறுத்தும் லென்ஸுக்கு இந்தக் கரைசல் எவ்வளவு தூரம் உதவும்?

சிங்கப்பூரில் காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. இளையர்களில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் கிட்டப்பார்வையோடு வளரும் ஊர் இது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸுக்கு மாறியவர்கள் எந்த அடுக்குமாடியிலும் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களில் பலர் மாலையானதும் கண்ணைக் கசக்கத் தொடங்குவதும், வீட்டுக்குள் நுழைந்த கையோடு லென்ஸைக் கழற்றுவதும் அன்றாடக் காட்சி. 'லென்ஸ் போட்டால் அப்படித்தான் இருக்கும்' என்று அவர்கள் அதை ஏற்றுக்கொண்டும் விடுகிறார்கள். அப்படி ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் எல்லாருக்கும் இல்லை. உறுத்தலுக்கான காரணம் சிலருக்கு லென்ஸில் இருப்பதில்லை; இரவு முழுவதும் அந்த லென்ஸ் ஊறிக் கிடக்கும் கரைசலில் இருக்கிறது. அத்தகையவர்களுக்கென்றே சொல்லத்தக்க ஒரு பொருளைப் பற்றியது இந்த மதிப்புரை.

அல்கான் நிறுவனத்தின் 'ஏஓசெப்ட் பிளஸ்' என்னும் கரைசல்தான் அது. இப்போது கடைகளில் கிடைப்பது 'ஹைட்ராகிளைட்' என்ற ஈரப்பதக் கூட்டுப்பொருள் சேர்ந்த வடிவம். அமெரிக்காவில் இதே வகைக் கரைசலை அந்நிறுவனம் 'கிளியர் கேர்' என்ற பெயரில் விற்கிறது. உள்ளே இருக்கும் முக்கியச் சரக்கு 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு. பிரிசர்வேட்டிவ் எனப்படும் பதப்பொருள் எதுவும் கிடையாது. நான் மாதம் ஒருமுறை மாற்றும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் என்னும் மென்லென்ஸ் அணிபவன். பகல் முழுவதும் அலுவலகக் குளிரூட்டியின் கீழ் கணினித் திரையைப் பார்க்கும் வேலை. இந்தக் கரைசலை மருந்தகத்தில் என் காசைக் கொடுத்து வாங்கித்தான் பயன்படுத்துகிறேன்.

கரைசலைப் பற்றிச் சொல்வதற்கு முன், உறுத்தல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் எத்தனை வகை இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தப் போத்தல் அவற்றில் ஒன்றிரண்டுக்கு மட்டுமே மருந்து. லென்ஸை வைத்த நொடியிலேயே குத்தினால் பெரும்பாலும் அது உள்வெளியாகத் திரும்பியிருக்கும், ஓரத்தில் கிழிந்திருக்கும், அல்லது அடியில் ஒரு தூசி சிக்கியிருக்கும்; கழற்றிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். காலையில் நன்றாக இருந்து, மதியத்துக்கு மேல் மெல்ல மெல்ல மணல் விழுந்தாற்போல் ஆனால் அது வறட்சி. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் இமைக்கும் கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. குளிரூட்டிக் காற்று கண்ணீர்ப் படலத்தை உலர்த்திவிட, இமையும் அதைப் புதுப்பிக்காமல் விட, லென்ஸின் மேற்பரப்பு காய்ந்துபோகிறது. மாதக் கடைசியில் மட்டும் உறுத்தல் கூடி, புதிய லென்ஸ் போட்டதும் குறைந்தால், கண்ணீரிலிருந்து வந்து படியும் புரதமும் கொழுப்பும் காரணமாக இருக்கலாம். அந்தப் படிவு மேலிமையின் உட்புறத்தை நாளெல்லாம் உரசினால் அங்கே சிறு கொப்புளங்கள் தடித்து, அரிப்பும் பீளையுமாக மாறும். லென்ஸின் வளைவு கண்ணுக்குப் பொருந்தாமல் இருப்பது வேறு கதை. அதற்குக் கடைக்காரரிடம் மறுபடியும் அளவு பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இவற்றோடு சேராத இன்னொரு வகை உண்டு. லென்ஸ் வைத்த சிறிது நேரத்தில் இலேசான எரிச்சல் தொடங்கி, முற்பகலில் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானே தணிவது அதன் போக்கு. கண் சற்றே சிவந்திருக்கும், பார்வை கெடாது. புதிய கரைசலுக்கு மாறிய பின் இது தொடங்கியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இந்த வகைதான் கரைசலின் பதப்பொருளோடு தொடர்புடையது.

எனக்கு இந்த வேறுபாட்டைக் காட்டியவர் எங்கள் வட்டாரக் கண்ணாடிக் கடையின் கண் பரிசோதகர். காலையில் லென்ஸ் போட்டுவிட்டு முற்பகலிலேயே வரச் சொன்னார். மாலையில் வந்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம் என்றார். லென்ஸைக் கழற்றியதும் ஃபுளோரெசின் என்னும் மஞ்சள் சாயம் தோய்ந்த காகிதப் பட்டையின் நுனியைக் கண்ணின் ஓரத்தில் மெல்லத் தொட்டு, நீல விளக்கொளியில் கருவிழியைப் படம் பிடித்து, திரையில் காட்டினார். கருவிழியின் விளிம்பை ஒட்டி, வளையம் போட்டாற்போல், ஊசிமுனை அளவில் பச்சைப் புள்ளிகள். மேற்பரப்புச் செல்கள் எரிச்சலுற்ற இடங்களில் சாயம் இப்படி ஏறும். தூசியோ கீறலோ என்றால் ஓரிடத்தில் கோடாகவோ திட்டாகவோ இருக்கும்; வறட்சி என்றால் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் கூடும்; சுற்றிலும் சீராகப் பரவியிருந்தால் கரைசலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கினார். அடுத்து அவர் கேட்டது லென்ஸின் பெயரை அன்று, கரைசலின் பெயரைத்தான். அப்போது நான் பயன்படுத்தி வந்தது ஒரு பல்நோக்குக் கரைசல். அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை, ஏனென்றால் அதே கரைசலை வேறு லென்ஸோடு எந்தத் தொல்லையும் இல்லாமல் பயன்படுத்துகிறவர்கள் ஏராளம். இந்தப் புள்ளிகளுக்கும் கண் உணரும் எரிச்சலுக்கும் நேர்க்கணக்கு இல்லை என்பதையும் அவரே சொன்னார்: புள்ளி நிறைய இருந்தும் எதுவும் உணராதவர்களும் உண்டு, புள்ளியே இல்லாமல் எரிச்சல்படுபவர்களும் உண்டு.

பல்நோக்குக் கரைசலின் சிக்கல் அதன் வேலையிலேயே இருக்கிறது. லென்ஸைக் கழுவ வேண்டும், கிருமியைக் கொல்ல வேண்டும், இரவு முழுவதும் ஊறவைக்கப் பயன்பட வேண்டும், அதற்குப் பிறகு நேராகக் கண்ணுக்குள் போகவும் வேண்டும். கிருமிக்கு நஞ்சாகவும் கண்ணுக்குச் சாதுவாகவும் ஒரே நீர்மம் இருக்க வேண்டுமென்பது எளிதில் நிறைவேறக்கூடிய விருப்பமில்லை. பாலிகுவாட்டர்னியம், பிஎச்எம்பி போன்ற பதப்பொருள்களை மிகக் குறைந்த அளவில் சேர்த்துத்தான் இதைச் சாதிக்கிறார்கள். ஆனால் மென்லென்ஸ் நீரை உறிஞ்சும் பொருள் என்பதால் அந்தப் பதப்பொருளில் ஒரு பங்கையும் உள்ளே வாங்கிக்கொண்டு, மறுநாள் கண்ணில் இருக்கும்போது சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. எவ்வளவு வாங்கும், எவ்வளவு வேகத்தில் விடும் என்பதெல்லாம் குறிப்பிட்ட லென்ஸும் குறிப்பிட்ட கரைசலும் சேரும் சேர்க்கையைப் பொறுத்தது. ஆகவே 'எந்தக் கரைசல் நல்லது' என்று பொதுவாகக் கேட்பதில் பயன் குறைவு. 'என் லென்ஸோடு எது ஒத்துப்போகும்' என்று கேட்பதே சரி.

ஏஓசெப்ட் பிளஸ் இந்தச் சிக்கலை வேறு திசையிலிருந்து அணுகுகிறது. கண்ணுக்குச் சாதுவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தொடக்கத்திலேயே கைவிட்டு, கண்ணில் பட்டால் தீப்போல எரியக்கூடிய பெராக்சைடையே கிருமிநாசினியாக எடுத்துக்கொள்கிறது. பிறகு, லென்ஸ் கண்ணுக்குப் போவதற்குள் அந்தப் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடுகிறது. உடைக்கும் வேலையைச் செய்வது போத்தலோடு வரும் உருளைக் குப்பிக்குள் பொருத்தப்பட்டிருக்கும் பிளாட்டினம் பூசிய ஒரு சிறு வளையம். பிளாட்டினம் இங்கே வினையூக்கி. அது தீர்ந்துபோவதில்லை, ஆனால் நாள்பட நாள்பட அதன் மேற்பரப்பில் அழுக்கேறித் திறன் குறையும். அதனால்தான் ஒவ்வொரு புதிய போத்தலோடும் ஒரு புதிய குப்பியைத் தருகிறார்கள். பழையது பார்ப்பதற்குப் புத்தம் புதிதாகவே தெரியும். இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு புதியதைச் 'சேமித்து' வைப்பவர்கள் தங்கள் கண்ணோடு விளையாடுகிறார்கள்.

இரவு வேலை இப்படி நடக்கிறது. கையைச் சோப்பால் கழுவி, நூல் பிரியாத துணியில் ஈரம் போகத் துடைத்துக்கொள்ள வேண்டும். குப்பியின் மூடியோடு இணைந்த தண்டில் இரண்டு சிறு கூடைகள் இருக்கின்றன. இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என எழுத்து பொறித்திருக்கும். லென்ஸை அவற்றில் வைத்து மூடி, கூடைகளின் மேல் கரைசலை ஐந்து நொடி பீய்ச்சி அலச வேண்டும். பிறகு குப்பியில் குறியிட்ட கோடு வரை கரைசலை ஊற்றி, கூடைகளை உள்ளே இறக்கி, மூடியைத் திருகினால் போதும். உடனே அடியிலிருந்து நுரை பொங்கி எழும். கூடைக்குள் லென்ஸ் இலேசாக அசைந்தாடும். சில நிமிடங்களில் ஆரவாரம் அடங்கி, அதன்பின் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ்கள் ஏறிக்கொண்டிருக்கும். நுரை அடங்கியதால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது: மிச்சமிருக்கும் பெராக்சைடு மெதுவாகத்தான் உடையும், அதற்குக் குறைந்தது 6 மணி நேரம் தேவை.

இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகள், "மாமா, மூடியில எதுக்கு ஓட்டை வெச்சிருக்காங்க? கொட்டிடாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. மூன்று விழுக்காட்டுப் பெராக்சைடு முழுவதும் உடைந்தால் தன் கனஅளவைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு ஆக்சிஜனை வெளியிடும். அதாவது, குப்பியில் ஊற்றும் சுமார் 10 மில்லிலிட்டர் கரைசலிலிருந்து ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் வாயு பிறக்கிறது. அது வெளியேறத்தான் மூடியில் நுண்துளை. அவள் வைத்திருக்கும் தட்டையான சாதாரண லென்ஸ் டப்பாவில் இதை ஊற்றவே கூடாது. அங்கே பிளாட்டினம் இல்லாததால் காலை வரை பெராக்சைடு உடையாமல் அப்படியே இருக்கும். குப்பியைப் படுக்கவைக்கவோ கவிழ்க்கவோ கூடாது என்பதும் மூடியின் துளையையொட்டியதே.

காலையில் எடுக்கும்போது லென்ஸில் ஓரிரு குமிழ்கள் ஒட்டியிருக்கும்; கிருமி நீக்கிய உப்புநீரை ஒரு பீய்ச்சு பீய்ச்சினால் போய்விடும். அணிந்த பிறகு சொல்வதற்கு ஒன்றுமே இல்லாததுதான் இந்தக் கரைசலின் சிறப்பு. முற்பகல் எரிச்சல் எனக்கு நின்றுபோனது. அடுத்த பரிசோதனையில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது விளிம்பு வளையமும் மறைந்திருந்தது. மாதத்தின் இறுதி வாரத்தில் லென்ஸ் மங்கலாகி வழுக்குவதும் முன்னளவுக்கு இல்லை. பெராக்சைடு படிவுகளைத் தளர்த்திவிடும் என்பதோடு, 'பிளஸ்' வடிவத்தில் கொழுப்பை நீக்கும் துப்புரவுப் பொருளும் சேர்ந்திருப்பது இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் கண்மை தீட்டும் பெண்கள் இதில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். எண்ணெய் கலந்த மை லென்ஸில் பட்டால் அதை வெறும் ஊறவைப்பு எடுப்பதில்லை. லென்ஸைப் போட்ட பிறகு மை தீட்டுவதும், கழற்றிய பிறகு மையைக் கலைப்பதும்தான் வழி.

மாலை நேர வறட்சியில் எனக்குக் கிடைத்த மாற்றம் சொற்பம். ஹைட்ராகிளைட் லென்ஸின் மேற்பரப்பில் ஈரத்தைத் தக்கவைக்கும் என்று பெட்டி சொல்கிறது. முதல் சில மணி நேரம் அது உண்மையாக இருக்கலாம். மாலை ஆறு மணிக்கு, குளிரூட்டித் துவாரத்துக்கு நேர்க்கீழே அமர்ந்திருப்பவனுக்கு எந்தக் கரைசலும் துணைக்கு வராது. இருக்கையைத் துவாரத்திலிருந்து நகர்த்தியதும், திரையைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கியதும் கரைசலைவிட அதிகப் பலன் தந்தன. கீழே பார்க்கும்போது இமை பாதி மூடியிருப்பதால் கண் உலர்வது குறைகிறது. சொட்டு மருந்து தேவைப்பட்டால், லென்ஸின் மேலேயே விடலாம் என்று அச்சிடப்பட்ட, பதப்பொருள் இல்லாத ஈரச்சொட்டைத்தான் வாங்க வேண்டும். சிவந்த கண்ணை வெளுப்பாக்கும் சொட்டுகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கி நிறத்தை மறைப்பவை. எரிச்சலின் காரணத்தை அவை தொடுவதே இல்லை, லென்ஸ் அணிந்திருக்கும்போது அவற்றை விடவும் கூடாது.

இந்தக் கரைசலின் பெரிய ஆபத்து வெளிப்படையானது. பல்நோக்குக் கரைசலுக்குப் பழகிய கை, காலையில் லென்ஸை அலசுவதற்கும் இதே போத்தலை எடுத்துவிடும். உடையாத பெராக்சைடு தோய்ந்த லென்ஸைக் கண்ணில் வைத்தால் வலி தாங்காது. இமை இறுக மூடிக்கொள்ளும், லென்ஸை எடுப்பதே போராட்டமாகிவிடும். அப்படி நேர்ந்தால் உடனே லென்ஸை எடுத்துவிட்டு ஏராளமான நீரால் கண்ணைக் கழுவ வேண்டும். வலியோ சிவப்போ நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் போத்தலின் நுனியைச் சிவப்பாக வைத்து, எச்சரிக்கையும் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் தூக்கக் கலக்கத்தில் சிவப்பு எங்கே கண்ணில் படுகிறது? அதுவும் கண்ணாடி போடாத கிட்டப்பார்வைக்காரருக்கு! வீட்டில் வேறொருவரும் லென்ஸ் அணிபவராக இருந்தால் இரண்டு கரைசல்களையும் ஒரே அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள். புண்ணுக்குப் போடும் சாதாரணப் பெராக்சைடும் 3 விழுக்காடுதானே, அது மலிவாகக் கிடைக்கிறதே என்ற யோசனைக்கும் இடம் கொடுக்க வேண்டாம். அதில் சேர்க்கும் நிலைப்படுத்திகள் வேறு, லென்ஸுக்காகச் செய்யப்பட்டதும் அன்று.

இன்னொரு குறைபாடு, பெராக்சைடு உடைந்த பிறகு குப்பிக்குள் எஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புநீர் என்பது. அதில் கிருமியைத் தடுக்கும் ஆற்றல் எதுவும் இல்லை. வாரத்துக்கு ஒருநாள், விழாவுக்கோ திருமணத்துக்கோ மட்டும் லென்ஸ் போடுபவர் அதே குப்பியில் நாள்கணக்காக ஊறவிட்டால் கிருமி மீண்டும் வளர வழியுண்டு. போத்தலில் குறித்திருக்கும் கால அளவைத் தாண்டினால் புதிய கரைசலில் இன்னொரு முறை முழுதாக ஊறவைத்த பிறகே அணிய வேண்டும். பழைய நீரின் மேல் புதியதைக் கொஞ்சம் ஊற்றி நிரப்பும் வழக்கம் எந்தக் கரைசலிலும் கெட்டது. இதில் இரட்டிப்பாகக் கெட்டது.

அந்த வழக்கத்தால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் நேரில் கண்டிருக்கிறது. 2005, 2006 ஆண்டுகளில் இங்கே லென்ஸ் அணிபவர்களிடம் ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையால் கருவிழித் தொற்று அடுத்தடுத்து வந்தது. இங்குள்ள கண் மருத்துவர்கள் 66 நோயாளிகளைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2006-ல் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனத்தின் ரெனு வகைக் கரைசல்களைப் பயன்படுத்தியவர்கள். 2006 பிப்ரவரியில் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது; மே மாதத்தில் 'ரெனு மாய்ஸ்சர்லாக்' உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டே, அகந்தமீபா என்னும் நுண்ணுயிர்த் தொற்று தொடர்பாக வேறொரு நிறுவனத்தின் பல்நோக்குக் கரைசலும் திரும்பப் பெறப்பட்டது. கரைசலை நிரப்பி நிரப்பிப் பயன்படுத்துவது இத்தகைய தொற்றுகளில் அபாயக் காரணியாகத் தெரியவந்தது. இன்று விற்பனையில் உள்ள பல்நோக்குக் கரைசல்கள் வேறு கலவைகள்; அவற்றை அன்றைய கணக்கில் எடைபோடுவது நியாயமாகாது. இருந்தாலும் அந்த நிகழ்வுக்குப் பிறகு பெராக்சைடை நாடியவர்கள் இங்கே உண்டு என்பதில் வியப்பில்லை.

பெராக்சைடு என்றால் எதையும் கொன்றுவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. அகந்தமீபா தடித்த கூட்டுக்குள் ஒடுங்கிவிட்டால் அதைக் கொல்வதற்குப் பெராக்சைடு நெடுநேரம் முழு வீரியத்தில் இருக்க வேண்டும். ஏஓசெப்டிலோ ஊற்றிய நொடியிலிருந்தே பிளாட்டினம் வீரியத்தைக் குறைக்கத் தொடங்கிவிடுகிறது; முதல் சில நிமிடங்களில்தான் அதன் முழு அடி விழுகிறது. வசதிக்காகக் கொடுக்கும் விலை அது. ஆகவே அந்த உயிரி லென்ஸுக்கு வராமல் தடுப்பதே முறை. அது வருவது நீரிலிருந்து. சிங்கப்பூரின் குழாய்நீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் அதில் லென்ஸை அலசுவதில் என்ன தப்பு என்று படித்தவர்களே கேட்கிறார்கள். குடிக்கத் தகுந்த நீர் வேறு, கிருமியே இல்லாத நீர் வேறு. வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாத உயிரி, லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே சிக்கிக்கொண்டால் பார்வையையே பறிக்கும். குப்பியையும் குழாய்நீரில் கழுவக் கூடாது: கரைசலைக் கொட்டிவிட்டு, சிறிது புதிய கரைசலால் அலசி, திறந்தபடி உலரவிட வேண்டும். குளிக்கும்போதும் நீச்சல் குளத்திலும் லென்ஸ் கண்ணில் இருக்கக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஜப்பானின் ஆப்டெக்ஸ் நிறுவனம் 'கிளியாடியூ' என்ற பெயரில் போவிடோன் அயோடினை அடிப்படையாகக் கொண்ட ஒரு முறையை விற்கிறது. அதில் நீர் முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருந்து, கிருமிநாசினி செயலிழந்ததும் நிறமற்றதாகிவிடும். லென்ஸை எடுக்கலாமா என்பதைக் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஏஓசெப்டில் அந்த அடையாளம் இல்லை. கடிகாரத்தை மட்டுமே நம்ப வேண்டும். இரவுப் பணியிலிருந்து வந்து ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு மறுபடி கிளம்புகிறவர்கள், கைக்குழந்தை உள்ள வீட்டினர், கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேண்டிய பணியில் இருப்பவர்கள் ஆகியோருக்கு ஆறு மணி நேரக் கட்டாயம் ஒத்துவராது. கையில் ஒரு மூக்குக்கண்ணாடி இல்லாமல் இந்தக் கரைசலுக்கு மாறவே கூடாது என்பேன்.

உறுத்தலை ஒழிப்பது ஒன்றே குறிக்கோள் என்றால், தினமும் புதிதாகப் போட்டுத் தினமும் எறிந்துவிடும் லென்ஸ் இதைவிட மேல். கரைசலும் இல்லை, படிவும் இல்லை, டப்பாவும் இல்லை. ஆனால் செலவு கூடும். சிதறல் பார்வை போன்ற குறைகள் உள்ளவர்களுக்கு எல்லா அளவும் அதில் கிடைப்பதில்லை. எங்கள் பரிசோதகர் அதை வேறு விதத்தில் பயன்படுத்தச் சொன்னார். அந்த யோசனையை எல்லாருக்கும் பரிந்துரைக்கலாம். கரைசலை மாற்றும் முன், கடையில் மாதிரியாகத் தரும் தினசரி லென்ஸைச் சில நாள் அணிந்து, வேலை, உறக்கம், திரை நேரம் எல்லாவற்றையும் வழக்கம்போல வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். உறுத்தல் மறைந்தால் பழைய கரைசலோ படிவோ குற்றவாளி, ஏஓசெப்ட் உதவ வாய்ப்புண்டு. அப்படியே இருந்தால் வறட்சியையோ, ஒவ்வாமையையோ, பொருத்தத்தையோ பார்க்க வேண்டும். அந்நிலையில் இந்தப் போத்தலுக்குக் கொடுக்கும் காசு வீண். புகைமூட்டம் சூழும் நாள்களில் எந்த லென்ஸும் எந்தக் கரைசலும் உதவாது. 2013 ஜூன் மாதத்தில் காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்ட நாளை இங்கே வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நாளில் மூக்குக்கண்ணாடிதான்.

எரிச்சல் என்ற எல்லையைத் தாண்டியவற்றுக்கு மதிப்புரையில் இடமில்லை. கழற்றிய பிறகும் வலி குறையாமல் இருப்பது, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவது, பார்வை மங்குவது, சீழ் வடிவது, கருவிழியில் வெண்புள்ளி தெரிவது: இவற்றில் எது இருந்தாலும் கரைசலை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கழற்றிய லென்ஸையும் குப்பியையும் எறியாமல் உடன் கொண்டுபோனால், எந்தக் கிருமி என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க அவை உதவும்.

விலையைப் பொறுத்தவரை, சாதாரணப் பல்நோக்குக் கரைசலைவிட இது கூடுதல். தினசரி லென்ஸுக்கு மாதந்தோறும் ஆகும் செலவோடு பார்த்தால் மிகக் குறைவு. 360 மில்லிலிட்டர் போத்தல் அன்றாடம் அணிபவருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் வரும். மருந்தகச் சங்கிலிகளில் இரண்டு போத்தல் சேர்ந்த கட்டுகளுக்கு அவ்வப்போது தள்ளுபடி கிடைக்கிறது. காலாவதித் தேதியையும், ஒவ்வொரு போத்தலோடும் குப்பி இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். வண்ண லென்ஸ் அணிபவர்கள் தங்கள் லென்ஸுக்குப் பெராக்சைடு ஆகுமா என்று கடையில் கேட்டுக்கொள்வது நல்லது. ஊருக்குப் பயணம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பெரிய போத்தலை விமானத்தில் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள், 100 மில்லிலிட்டருக்குள் அடங்கும் 90 மில்லிலிட்டர் சிறு போத்தல்தான் அதற்குச் சரி. நான்கு மணி நேரச் சென்னைப் பயணத்தில் லென்ஸை ஊறவைக்க ஆறு மணி நேரம் கிடைக்கப்போவதில்லை என்பதால், விமானத்தில் கண்ணாடி அணிந்துகொண்டு, போய்ச் சேர்ந்த இரவில் குப்பியைத் திறப்பதே தோது.